மழை விட்டும் விடாத தூவானம்: ஈருருளியாளர் மேற்சட்டையின் கதை

“மழை விட்டும் தூவானம் விடவில்லை” என்பது நம் ஊர்ப் பெரியோர் அடிக்கடி கூறும் பழமொழி. அதன் பொருளை உள்ளபடி உணர விரும்புவோர் சித்திரை மாதத்திலோ ஐப்பசி மாதத்திலோ மொன்றியல் நகருக்கு வந்து ஒரு கிழமை தங்கினாற் போதும். யாழ்ப்பாணத்து மழை முறை தெரிந்த மழை. ஐப்பசியில் இடியோடு தொடங்கி மார்கழி வரை கொட்டித் தீர்க்கும். பின்பு மாதக்கணக்கிலே தலைகாட்டாது. மொன்றியலிலோ ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் அளவினதாகிய மழையும் பனியும் பன்னிரண்டு மாதங்களுக்கும் பங்கிட்டாற்போல் விழுகின்றன. விடிகாலையில் 4 பாகை குளிர், நண்பகலில் 16 பாகை இளவெயில், மாலையில் காற்றோடு கூடிய சாரல் என ஒரே நாளில் மூன்று பருவங்களைக் காண்பது இங்கு வியப்பன்று.

சென்ற இலையுதிர் காலத்தில் சென் மிஷேலில் நம் வீட்டுக் கதவைத் தட்டினான் ஓர் இளைஞன். நம்மிடம் ஊரிலே வரலாறு கற்ற ஒருவரின் மகன். அகதிக் கோரிக்கையை முன்வைத்துவிட்டு ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்கின்றான். காலை ஆறு மணிக்கு வேலை. இரண்டு பஸ் மாறிச் செல்வதிலும் பார்க்க ஈருருளியிலே செல்வது விரைவானது என்பதால், பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி மிதிக்கின்றான். அவனிடம் இருந்தது ஒரேயொரு மேற்சட்டை. கடுங்குளிர் காலத்துக்கென யாரோ கொடுத்த தடித்த கறுப்பு ஜக்கெற். அதனை அணிந்து மிதித்தால் உள்ளே வியர்வை. கழற்றினால் எலும்பைத் துளைக்கும் காற்று. மழை பெய்தாலோ பஞ்செல்லாம் நீர் குடித்துக் கனக்கும். நனைந்த உடையோடு எட்டு மணிநேரம் நின்று வேலை செய்ததில் காய்ச்சல் பிடித்து மூன்று நாட் சம்பளத்தை இழந்தான். அதற்கு முந்திய கிழமை, இருட்டிலே அவனைக் காணாத கார் ஒன்று கைப்பிடியை உரசுமளவுக்கு அருகால் போயிருக்கின்றது.

“சேர், ஐம்பது டொலருக்கும் ஜக்கெற் இருக்கு, முந்நூறு டொலருக்கும் இருக்கு. எல்லாத்திலயும் தண்ணி போகாது எண்டுதான் எழுதியிருக்கு. எதை எடுக்கிறது?” என்று கேட்டான்.

எளிய கேள்விதான். ஆனால், அதற்கு விடை தேடப் புகுந்த நமக்கு இருநூறு ஆண்டு வரலாறொன்று கண்முன்னே விரிந்தது. அவ்வரலாற்றிலே நம்மவரின் கைகளும் முதுகுகளும் பலவிடங்களிலே பட்டிருக்கின்றன என்பதைக் கண்டபோது, இதனை வாசகர்களோடும் பகிர்ந்துகொள்ள வேண்டுமெனத் தோன்றிற்று.

கிளாஸ்கோவில் பிறந்த மழைச்சட்டை

மழையிலிருந்து உடலைக் காக்க மனிதர் நெடுங்காலமாக முயன்று வந்திருக்கின்றனர். நம் முன்னோர் பனையோலையையும் தாழையோலையையும் குடையாக்கினர். மலையகத்திலே கொழுந்தெடுத்த பெண்கள் கம்பளியைத் தலையிலிருந்து முதுகு வரை போர்த்தி, இடுப்பிலே படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டனர். ஐரோப்பிய மாலுமிகள் துணியிலே எண்ணெய் பூசி அணிந்தனர். இவற்றுள் எதுவும் மழையை முழுமையாகத் தடுத்ததில்லை.

முதற் பெரும் மாற்றம் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே நிகழ்ந்தது. சாள்ஸ் மக்கின்ரொஷ் என்னும் இரசாயனவியலாளர், நிலக்கரி வாயு உற்பத்தியின்போது கழிவாகக் கிடைத்த நப்தா என்னும் திரவத்திலே இறப்பர் கரையக் கண்டார். அக்கரைசலை இரண்டு துணிகளுக்கிடையே பூசி ஒட்டியபோது நீர் புகாத துணியொன்று கிடைத்தது. 1823ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆங்கில மொழியிலே மழைச்சட்டைக்கு அவருடைய பெயரே இன்றும் வழங்கிவருகின்றது.

எனினும், அந்த முதற் சட்டைகளிலே மூன்று குறைகள் இருந்தன. குளிரிலே விறைத்துப் பலகையாகும். வெப்பத்திலே இளகி ஒட்டும். நாற்றமும் தாங்க முடியாது. முதலிரு குறைகளையும் நீக்கியது, இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறை. அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் 1839இல் இதனைக் கண்டறிந்து 1844இல் தம் நாட்டிலே காப்புரிமை பெற்றார். இங்கிலாந்திலே தோமஸ் ஹான்கொக் 1843இல் அதே முறைக்கு உரிமை கோரினார்.

ஆயினும், நான்காவது குறையொன்று எஞ்சி நின்றது. வெளிநீரை உள்ளே விடாத துணி, உள்நீரையும் வெளியே விடாது. அணிந்தவர் மழையில் நனையாவிடினும் தம் வியர்வையிலேயே நனைந்தார். இன்று கடையிலே தொங்கும் விலை மலிந்த பிளாஸ்ரிக் மழைச்சட்டைக்கும் இதுவே குறை. நம் இளைஞனின் கேள்விக்கான விடையின் பாதி இங்கேயே இருக்கின்றது.

இறப்பரும் நம்மவர் கையும்

மக்கின்ரொஷ் காலத்து இறப்பர் தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசன் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்தவை சில ஆயிரங்களே. அவற்றுள் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொட பூங்காவில் அவை நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் வேர்கொண்ட இடங்களுள் அது முதன்மையானது. அடுத்த ஆண்டில் ஒருசில கன்றுகள் சிங்கப்பூரைச் சென்றடைந்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனங்களும் ஈருருளிகளும் பெருகப் பெருக இறப்பருக்கு வெறிகொண்ட கேள்வி ஏற்பட்டது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலும் மலேயாவெங்கணும் காடுகள் அழிந்து இறப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டிச் சென்றனர். மலேயாவிலே அம்மரத்துக்குப் ‘பால்மரம்’ எனத் தமிழ்ப் பெயரே அமைந்துவிட்டது. இலங்கையின் இறப்பர்த் தோட்டங்களில் சிங்களத் தொழிலாளரும் பெருமளவில் உழைத்தனர் என்பதையும் மறந்துவிடலாகாது.

இங்கே ஒரு கொடிய முரண் உண்டு. பால்வெட்டு விடியற்காலையிலே நடைபெறும் தொழில். மழை பெய்து மரம் நனைந்திருந்தால், வெட்டிய கோட்டின் வழியே சிரட்டையிலே சேரவேண்டிய பால் பட்டையெங்கும் வழிந்து வீணாகும். ஆகவே, மழைக் காலையிலே வெட்டு இல்லை. வெட்டில்லாத நாளிலே நாட்கூலிக்காரருக்கு வருவாயும் இல்லை. உலகத்தாரை மழையிலிருந்து காத்த பொருளை ஈன்றவருக்கு மழை என்றால் பட்டினி என்று பொருள். அவர்களுள் இலங்கையில் வாழ்ந்த மலையகத் தமிழர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட வரலாறு நாமனைவரும் அறிந்ததே. நம் ஈருருளியின் ரயரைத் தொடும்போதெல்லாம் இவர்களையும் நினைத்துக்கொள்வது தகும்.

காற்றடைத்த சில்லும் வியர்வையும்

1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரின் கால்நடை வைத்தியரான ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த இறப்பர்ச் சில்லுக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனுடைய முச்சக்கரவண்டி குலுங்காது ஓடவேண்டுமென்பதற்காகவே முதலில் அதனைச் செய்தார். அதன் பின்னர் ஈருருளி செல்வரின் விளையாட்டுப் பொருள் என்ற நிலையிலிருந்து மெல்ல மெல்லத் தொழிலாளியின் வாகனமாயிற்று. மொன்றியலிலே அதற்கு முன்பே, 1878ஆம் ஆண்டில், ஈருருளிக் கழகம் ஒன்று அமைந்துவிட்டது. கனடாவிலேயே முதலாவது கழகம் அது. அக்காலத்து வண்டியின் முன்சில்லு ஆளுயரம் இருந்ததென்றால், அதிலேறிச் சென்றோரின் துணிவை என்னென்பது!

மிதிப்பவரின் உடல் நடப்பவரின் உடலைப் போன்றதன்று. மிதிக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சில்லைச் சுழற்றப் பயன்படுகின்றது. எஞ்சியது முழுவதும் வெப்பமாகின்றது. அவ்வெப்பத்தைத் தணிக்க உடல் வியர்க்கின்றது. அதேவேளை, வண்டியின் வேகமே எதிர்க்காற்றையும் உண்டாக்குகின்றது. கனடாவில் 2001ஆம் ஆண்டு முதல் பயன்படும் காற்றுக்குளிர்க் கணிப்பின்படி, 5 பாகை வெப்பநிலையிலே மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால் தோல் உணர்வது 1 பாகைக் குளிரையாகும். ஆக, முன்னே குளிர், உள்ளே வெப்பம், மேலே மழை என மூன்று பகைவரை ஒரே சட்டையால் எதிர்கொள்ள வேண்டியவர் ஈருருளியாளர்.

அக்காலத்து ஈருருளியாளர் கண்ட முதல் விடை மிக எளிமையானது. கையில்லாத அகன்ற போர்வையங்கி. கழுத்திலே மாட்டி, முன்புறத்தைக் கைப்பிடியின் மேலே கூடாரம்போல் விரித்துவிட்டால், மழை வெளியே வழிந்துவிடும். கீழ்ப்புறம் திறந்திருப்பதால் வியர்வையின் ஆவி காற்றோடு போய்விடும். ஐரோப்பாவில் தபாற்காரரும் பொலிசாரும் நெடுங்காலம் இதனையே அணிந்தனர். பெருங்காற்றிலே பாய்போல் விரிந்து வண்டியைத் தள்ளுவது அதன் குறை. ஆயினும், காற்றில்லாத மழைக்கு இன்றும் அதனை வெல்லும் மலிவான அங்கி வேறில்லை.

நெருக்கி நெய்த துணியிலிருந்து நுண்துளைப் படலம் வரை

இரண்டாவது விடை நெசவிலிருந்து வந்தது. 1879இல் இங்கிலாந்தின் தோமஸ் பேர்பெரி, நூலையே நீர் ஒட்டாதவாறு பதப்படுத்தி மிக நெருக்கமாக நெய்த கபடீன் துணியை உருவாக்கினார். இறப்பர் பூச்சு இல்லாததால் அது மூச்சுவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, கடலிலே வீழ்ந்த விமானிகள் குளிரால் இறப்பதைத் தடுப்பதற்காக மான்செஸ்ரரில் வென்ரைல் என்னும் பருத்தித் துணி உருவாக்கப்பட்டது. நீர் பட்டவுடன் அதன் நூல்கள் ஊதிப் பருத்துத் தாமே துளைகளை அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது விடை இரசாயன ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. 1935இல் அமெரிக்க டுபொன்ற் நிறுவனத்தில் வொலஸ் கரோதர்ஸ் நைலோனைக் கண்டறிந்தார். அதனால் மேற்சட்டை கைக்குட்டைபோல் மடிக்கத்தக்கதாயிற்று. 1938இல் அதே நிறுவனத்தின் றோய் பிளங்கெற் தற்செயலாக ரெப்லோன் என்னும் பொருளைக் கண்டார். 1969இல் பொப் கோர் என்பவர் அந்த ரெப்லோனைச் சூடாக்கிச் சட்டென இழுத்தபோது, அது அறுந்துபோகாமல் நுண்ணிய துளைகள் நிறைந்த படலமாக விரிந்தது. அத்துளைகள் நீர்த்துளியிலும் பன்மடங்கு சிறியவை. ஆனால், நீராவியின் மூலக்கூறிலும் பன்மடங்கு பெரியவை. எனவே மழை புகாது. வியர்வையின் ஆவி வெளியேறும். கோர்-ரெக்ஸ் என்னும் பெயரில் 1976ஆம் ஆண்டளவில் இது சந்தைக்கு வந்தது. மக்கின்ரொஷ் விட்டுச்சென்ற நான்காவது குறைக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளின் பின் கிடைத்த தீர்வு இது.

தீர்வும் முழுமையானதன்று. வெளியே கடும் ஈரப்பதன் இருந்தால் ஆவி வெளியேறும் வேகம் குறைந்துவிடும். மேலும், இத்தகைய உடைகளில் நீர் ஒட்டாதிருக்கப் பயன்பட்ட புளோரின் சேர்ந்த இரசாயனங்கள் நிலத்திலும் நீரிலும் அழியாது தங்குகின்றன என்பது பின்னரே வெளிப்பட்டது. பிரான்ஸ் 2025இல் இயற்றிய சட்டம், இப்பொருட்கள் சேர்ந்த ஆடைகளின் விற்பனையை 2026 தொடக்கத்திலிருந்து தடைசெய்தது. உற்பத்தியாளரும் மாற்றுப் படலங்களுக்கு மாறிவருகின்றனர்.

உள்ளே அணியும் மென்மயிர்த் துணியான ‘பிளீஸ்’ பற்றியும் ஒரு செய்தி சொல்லவேண்டும். அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் லோறன்ஸ் நகரிலிருந்த மோல்டன் மில்ஸ் என்னும் ஆலை, 1979இல் பொலியெஸ்ரர் இழையிலிருந்து அதனை உருவாக்கிற்று. கம்பளிபோல் வெப்பம் தரும். நனைந்தாலும் விரைவில் உலரும். 1995 மார்கழி 11ஆம் நாள் அவ்வாலையைப் பெருந்தீ விழுங்கியது. உரிமையாளர் ஆரன் பொயர்ஸ்ரைன், காப்புறுதிப் பணத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்காமல், வேலையின்றி நின்ற தொழிலாளருக்குத் தொடர்ந்து சம்பளம் வழங்கி, ஆலையை அதே இடத்திலே மீளக் கட்டினார். அக்கடன் சுமையோடு நிறுவனம் 2001இல் முறிவடைந்தது. அறம் எப்போதும் இலாபம் தருவதில்லை. ஆயினும், வரலாறு அவரை மறக்கவில்லை.

சபனெல் வீதியின் தையல் இயந்திரங்கள்

துணி எவ்வளவு சிறந்ததாயினும் தைப்பவர் கையின்றி அது சட்டையாகாது. மொன்றியல் பன்னெடுங்காலம் கனடாவின் தையல் தலைநகராக விளங்கிற்று. சென் லோறன் பெருந்தெருவை ஒட்டிய தொழிலகங்களில் முதலில் கிழக்கு ஐரோப்பிய யூதரும் பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் பெண்களும் தைத்தனர். 1937 சித்திரையில் ஏறத்தாழ 5,000 பெண் தொழிலாளர் மூன்று கிழமை வேலைநிறுத்தம் செய்து தொழிற்சங்க ஒப்பந்தத்தைப் பெற்றனர். அப்போராட்டத்தை ஒழுங்குபடுத்தியவர்களுள் லெயா ரோபாக் என்னும் பெண்மணியின் பெயர் இந்நகரிலே இன்றும் மதிப்போடு பேசப்படுகின்றது.

பின்னர் தொழில் வடக்கே சபனெல் வீதிக்கு நகர்ந்தது. இத்தாலியர், கிரேக்கர், போர்த்துக்கேயர், ஹெயிற்றி நாட்டவர் எனப் புதிதாக வந்தோர் ஒருவர்பின் ஒருவராக அத்தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்தனர். 1983க்குப் பின் நம்மவரும் அமர்ந்தனர். 1986 ஆவணி 11ஆம் நாள் நியூபவுண்ட்லாந்துக் கடலிலே இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டு, பின் மொன்றியலுக்கும் ரொறொன்ரோவுக்கும் சென்று சேர்ந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சென் மிஷேல் மெற்றோ நிலையம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான்.

நாமும் இங்கு வந்த புதிதில் மேற்சட்டைகளுக்குச் சிப் பொருத்தும் ஒரு தொழிலகத்திலே சில காலம் வேலை செய்தோம். கலைப்பட்டமும் கரும்பலகையும் ஊரோடு நின்றுவிட்டன. அன்று நாம் தைத்த ஜக்கெற்றுகளின் விலைச்சீட்டைப் பார்த்து, நம் இரண்டு நாட் கூலி இதற்குள் அடங்குமே எனக் கணக்கிட்டுப் பார்த்ததுண்டு. அவற்றுள் ஒன்றையேனும் நாம் வாங்கி அணிந்ததில்லை. வீட்டிலிருந்தே துண்டுக் கணக்குக்குத் தைத்த நம் தாய்மார் பலர், இரவிலே பிள்ளைகள் உறங்கியபின் இயந்திரத்தை மிதித்தார்கள். இந்தச் சமூகத்தின் முதல் வீடுகளும் முதற் பட்டங்களும் அந்த நூலிலேதான் கோக்கப்பட்டன என்றால் மிகையாகாது.

உலகத் துணி வணிகத்தைப் பங்கீட்டு முறையால் கட்டுப்படுத்திய பல்லிழை ஒப்பந்தம் 1974இல் நடைமுறைக்கு வந்தது. 2005 தை முதலாம் நாள் அந்தப் பங்கீடுகள் முற்றாக நீங்கின. மொன்றியலின் தொழிலகங்கள் பல மூடப்பட, தையல் ஆசிய நாடுகளுக்குச் சென்றது. அவற்றுள் இலங்கையும் ஒன்று. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும்கூட ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆக, ஒரு தலைமுறை இங்கே இறக்கிவைத்த ஊசியை இன்னொரு தலைமுறை அங்கே எடுத்துக்கொண்டது.

யாழ்ப்பாணத்து மழை

ஈருருளிக்கும் நமக்குமுள்ள உறவைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. 1990இல் எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை விழுந்து, மின்சாரமும் அற்றுப்போனபின், குடாநாட்டின் வாழ்வு முழுவதும் ஈருருளியின் மீதே ஓடிற்று. விறகும் ஈருருளியிலே, நோயாளியும் ஈருருளியிலே. அதன் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். வலிகாமத்திலே ஒரு பாடசாலையிற் கற்பித்துக்கொண்டிருந்த நாம், மழைநாளில் மாணவரின் விடைத்தாள்களைப் பொலித்தீன் பையிலே சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மிதிப்போம். தாள் நனையாது, நாம் நனைவோம். உரப்பையின் ஒரு மூலையை மறுமூலைக்குள் தள்ளித் தலையிலே கவிழ்த்துக்கொள்வதே அன்றைய மழைச்சட்டை.

1995 ஐப்பசி 30ஆம் நாள் மாலை, வலிகாமம் முழுவதும் ஒரே வீதியால் தென்மராட்சி நோக்கி வெளியேறியபோது மழை கொட்டியது. கைப்பிடியிலே பை, கரியரிலே பெட்டி, சட்டத்திலே குழந்தை என ஈருருளிகளை மிதிக்க இடமின்றி இரவிரவாக உருட்டிச் சென்றோம். நம்மருகே சென்ற தாயொருவர் வாழையிலை ஒன்றைக் குழந்தையின் தலைக்குமேல் பிடித்தபடி நடந்தார். இலை கிழியக் கிழிய ஓரத்து வளவுகளிலே வேறிலை முறித்துக்கொண்டார். மோல்டன் மில்ஸ் தீப்பற்றியது அதற்குச் சரியாக ஆறு கிழமைகளின் பின்னரே. மென்மயிர்த் துணியை நாம் அப்போது கேள்விப்பட்டதுமில்லை. நனையாதிருத்தல் ஆடம்பரமன்று, அடிப்படைத் தேவை என்று நாம் இன்று வற்புறுத்துவதற்கு அந்த இரவே காரணம்.

எதைத் தெரிவது?

இனி இளைஞனின் கேள்விக்கு வருவோம். வரலாறு நமக்குக் கற்பிப்பது யாதெனில், எல்லாக் காலத்துக்கும் ஏற்ற ஒரே சட்டை இதுவரை உருவாகவில்லை என்பதே. ஆகவே ஒன்றைத் தேடாது, மெல்லிய மூன்றைத் தேடவேண்டும்.

உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்ரர் உட்சட்டை. பருத்தி வேண்டாம், நம் ஊர் வெயிலுக்குத் தாயான பருத்தி, இங்கே வியர்வையைக் குடித்துக்கொண்டு உடலைக் குளிர்விக்கும். அதன்மேல், 10 பாகைக்குக் கீழே சென்றால் மட்டும் ஒரு மென்மயிர்ச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் பஞ்சில்லாத மெல்லிய மேற்சட்டை. புறப்படும்போது சற்றே குளிர வேண்டும். வீட்டு வாசலிலேயே இதமாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்க்கும்.

மேற்சட்டையை வாங்கும்போது நிற்பவர்போல் அளவு பார்க்கலாகாது; கைப்பிடியைப் பிடித்துக் குனிபவர்போல் கைகளை முன்னே நீட்டிப் பார்க்கவேண்டும். முதுகுப்புறம் இடுப்புக்குக் கீழே இறங்கவேண்டும். இன்றேல் பின்சில்லு வாரியெறியும் சேற்றுநீர் முதுகிலேறும். கைநுனி மணிக்கட்டை மூடவேண்டும். இறுக்கித் தளர்த்தும் பட்டி இருப்பது நன்று. அக்குளிலே திறக்கும் சிப்போ முதுகிலே காற்றுவாயிலோ இருந்தால், விலையுயர்ந்த படலம் செய்யும் வேலையின் பெரும்பகுதியை அது இலவசமாகவே செய்துவிடும். உட்புறத்தைப் புரட்டித் தையல்களின் மேலே நாடா ஒட்டப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். தையலூசி போட்ட ஒவ்வொரு துளையும் மழைக்கு ஒரு வாசல். அதனைச் சிப் பொருத்திய நாமே அறிவோம்.

நீர் தாங்கும் திறனைச் சீட்டிலே மில்லிமீற்றர்க் கணக்கிற் குறித்திருப்பார்கள். துணியின்மேல் எவ்வளவு உயரமான நீர்க்கம்பம் நின்றால் கசியத் தொடங்கும் என்பதே அதன் பொருள். அரைமணிநேரப் பயணத்துக்கு 5,000 போதுமானது. நாள் முழுவதும் உணவு கொண்டுசெல்லும் தொழில் செய்வோர் 10,000 அல்லது அதற்கு மேற்பட்டதைத் தேடுவது நன்று. வாங்கியபின் சவர்க்காரத் தூளால் அடிக்கடி தோய்த்து அதன் நீரொட்டாப் பூச்சைக் கெடுத்துவிடலாகாது. துணி மென்மையாக்கும் திரவத்தை ஒருபோதும் சேர்க்கலாகாது.

இறுதியாக நிறம். கறுப்பு அழுக்குக் காட்டாதென்பது உண்மை. அது அணிந்தவரையும் காட்டாது. செம்மஞ்சளோ மஞ்சளோ பகலிலே உதவும். இரவில் உதவுவது ஒளி தெறிக்கும் பட்டி மட்டுமே. இருட்டிலே முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் கியூபெக் சட்டப்படி கட்டாயமானவை. சட்டைக்குச் செலவிட ஐம்பது டொலர்தான் உண்டென்றால், முதலிற் பத்து டொலரை விளக்குக்கு ஒதுக்குங்கள்.

நம் இளைஞன் இவற்றையெல்லாம் பொறுமையோடு கேட்டான். பின்பு நம்மையும் அழைத்துக்கொண்டு பழைய உடுப்புக் கடைக்குச் சென்றான். அங்கே கைகளை நீட்டிக் குனிந்து குனிந்து அளவு பார்த்ததைக் கண்டு கடைக்காரப் பெண் சிரித்தார். பதினெட்டு டொலருக்கு ஒரு செம்மஞ்சள் மேற்சட்டை அகப்பட்டது. முதுகு நீளம் சரி. அக்குளிலே சிப் உண்டு. நாடா ஒரு தோளிலே சற்றுக் கழன்றிருந்தது, அதனை வீட்டிலே நாம் ஒட்டிக்கொடுத்தோம். உட்கழுத்துச் சீட்டைப் புரட்டிப் பார்த்தபோது இலங்கையிலே தைக்கப்பட்டது என்றிருந்தது. எந்த ஊர்ப் பெண் தைத்தாளோ நாமறியோம். சிப் மட்டும் கோணாமல் நேராகப் பொருத்தப்பட்டிருந்தது. நல்ல கை.

புதிதாக வந்த நம் பிள்ளைகள் பலர் விடிகாலையிலும் நள்ளிரவிலும் இவ்வீதிகளிலே மிதித்துச் செல்கின்றனர். உங்கள் வீட்டு அலுமாரியிலே அணியாத மேற்சட்டை தொங்குமாயின், அதனை எடுத்து, குனிந்து அளவு பார்க்கச் சொல்லி அவர்களுள் ஒருவருக்குக் கொடுங்கள். கறுப்பாயின் ஒரு முழம் ஒளிப்பட்டியும் வாங்கி முதுகிலே தைத்துக் கொடுங்கள். ஊசி பிடிக்க நம்மவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.